நிலுவையில் வழக்கு இல்லை



துப்பாக்கி உரிமத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று நான் சொன்னதும், இந்த அறக்கட்டளைக் கூட்டத்துக்கு அழைக்க வந்தவர் சற்றுத் தயங்கினார். "முத்துக்குளிப்பு, உப்பளம், துறைமுகம், இப்படி ஏதாவது பேசலாமே சார்" என்றார். முத்தைப் பற்றிப் பேசத் தூத்துக்குடியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். அந்தப் பணிக்காலத்தில் மூன்று ஆண்டுகள் துப்பாக்கிப் பதிவேடு என் மேசையில் இருந்தது. ஒருவர் கையில் துப்பாக்கியைக் கொடுக்கலாமா என்று அரசு எப்படிக் கண்டுபிடிக்கிறது, எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காமல் விடுகிறது என்பதை அந்த மேசையில்தான் தெரிந்துகொண்டேன்.

நமக்குப் பழக்கமான இடத்திலிருந்தே தொடங்குகிறேன். மணியாச்சி சந்திப்பு. 1911 ஜூன் 17 காலை, நின்றிருந்த ரயில் பெட்டிக்குள் வாஞ்சிநாதன் ஏறி, திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டார். பிறகு நடைமேடைக் கழிப்பறைக்குள் போய்த் தன்னையும் சுட்டுக்கொண்டார். கையிலிருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. இவ்வளவும் பள்ளிப் பாடத்தில் வருகிறது. பழைய குமாஸ்தாவான எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் வேறொரு கேள்வி எழும். வாஞ்சி அந்தத் துப்பாக்கிக்கு முறைப்படி மனுப் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்?

சிரிக்காதீர்கள். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அப்போது அமலில் இருந்தது. வெள்ளையருக்கு விலக்கு, இந்தியருக்கு உரிமம் வேண்டும். உரிமம் தரும் அதிகாரி மாவட்ட மாஜிஸ்திரேட், அதாவது கலெக்டர். திருநெல்வேலி மாவட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் ஆஷேதான். மனு விசாரணைக்குப் போயிருந்தால் அறிக்கை எப்படி வந்திருக்கும்? மனுதாரர் செங்கோட்டையைச் சேர்ந்தவர், புனலூரில் வனத்துறை ஊழியர், நிலையான சம்பளம், மணமானவர், வழக்கு ஏதும் நிலுவையில் இல்லை. கோப்பு பளிச்சென்று சுத்தமாக இருந்திருக்கும். அவர் புதுச்சேரிப் புரட்சிக்காரர்களிடம் போய் வந்தது எந்தப் பதிவேட்டிலும் ஏறியிருக்காது.

அதற்கும் நூறு ஆண்டுகளுக்கு முன் இதே மண்ணில் விசாரணை என்ற பேச்சே எழவில்லை. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. ஊமைத்துரை மீண்டும் கட்டிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை 1801இல் விழுந்தது. அந்த ஆண்டு டிசம்பர் முதல் நாள் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை விட்டார். தென்சீமையில் கம்பெனி அனுமதித்தவை தவிர வேறு ஆயுதம் யார் கையிலும் இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். துப்பாக்கியோடு ஈட்டியும் அந்தத் தடையில் அடங்கியது. யார் நல்லவர், யார் கெட்டவர் என்று பிரித்துப் பார்க்கும் வேலையே இல்லை. ஒரு சீமை முழுவதையும் ஒரே வரியில் சந்தேகப் பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். அரசுக்கு அதைவிடச் சுலபமான வேலை வேறில்லை. ஆளுக்கு ஆள் விசாரிப்பதுதான் கஷ்டம்.

இப்போது அந்த விசாரணை எப்படி நடக்கிறது? 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும்தான் அடிப்படை. மனுதாரருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். வன்முறைக் குற்றத்திலோ ஒழுக்கக்கேடான குற்றத்திலோ சிறைத் தண்டனை பெற்றவராக இருந்தால், தண்டனை முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிய வேண்டும். நன்னடத்தைப் பிணை எழுதிக் கொடுத்தவருக்கு அந்தக் காலம் முடியும்வரை கிடையாது. சுடுவதற்கும் பத்திரமாகக் கையாளுவதற்கும் பயிற்சி பெற்ற சான்று, வீட்டில் பூட்டி வைக்க வசதி உண்டு என்ற உறுதிமொழி, மன நலம் உடல் நலம் இரண்டுக்கும் மருத்துவர் சான்று ஆகியவற்றை மனுவோடு வைக்க வேண்டும். கூடவே, எதற்காகத் துப்பாக்கி வேண்டும் என்ற காரணத்தையும் சொல்ல வேண்டும். நம் பக்கம் தாமிரபரணிக் கரை விவசாயி வாழைக்குப் பன்றித் தொல்லை என்று எழுதுவார். பணம் கொண்டுபோகிற வியாபாரி உயிருக்குப் பயம் என்று எழுதுவார். சிலர் எழுதாமல் விடுகிற காரணம் கௌரவம். ஊர்த் திருவிழாவில் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பதற்கு ஒரு இரட்டைக் குழல் வேண்டும், அவ்வளவுதான்.

மனு காவல் நிலையத்துக்குப் போகும். 30 நாளில் அறிக்கை வர வேண்டும். அறிக்கையில் இன்ஸ்பெக்டர் கையெழுத்து இருக்கும். எழுதுகிறவர் பெரும்பாலும் ஸ்டேஷன் ரைட்டர். பாஸ்போர்ட் விசாரணை, வேலைக்கான நன்னடத்தை விசாரணை, மனு விசாரணை எல்லாம் குவிந்து கிடக்கும் அதே மேசையில் இதுவும் கிடக்கும். நல்ல ரைட்டராக இருந்தால் மனுதாரர் தெருவில் டீக்கடைக்குப் போய் நாலு வார்த்தை கேட்பார். பங்காளிச் சண்டை இருக்கிறதா, குடித்துவிட்டு வீட்டில் அடிக்கிறவரா என்று தெரிந்துவிடும். அவசரத்தில் இருப்பவர் பதிவேட்டைப் புரட்டி, ‘வழக்கு ஏதும் நிலுவையில் இல்லை’ என்று எழுதி அனுப்பிவிடுவார். இரண்டு அறிக்கையும் கலெக்டர் மேசைக்கு வரும்போது ஒரே மாதிரிதான் இருக்கும். அதே நான்கு சொல், அதே முத்திரை.

கெடுவுக்குள் அறிக்கை வராவிட்டால்? ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. இனியும் காத்திராமல், உரிமம் தரும் அதிகாரி தகுதியென்று கருதினால் உத்தரவிடலாம். மனுதாரரை ஆண்டுக்கணக்கில் அலைய விடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வைத்ததாக இருக்கலாம். அமெரிக்காவிலும் இதே போன்ற சந்து ஒன்று உண்டு. அந்தச் சந்து வழியாக என்ன நுழைந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

அங்கே கலெக்டர் ஆபீஸ் கிடையாது, கடைக்குப் போய்ப் படிவம் நிரப்ப வேண்டியதுதான். 1993ஆம் ஆண்டின் பிரேடி சட்டத்தின்படி, 1998 நவம்பர் 30 முதல் எஃப்.பி.ஐ. நடத்தும் ஒரு தரவு அமைப்பிடம் கடைக்காரர் கேட்கிறார். பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். சந்தேகம் வந்தால் நிறுத்தி வைப்பார்கள். மூன்று வேலை நாளில் பதில் வராவிட்டால் கடைக்காரர் விற்கலாம். 2015 ஏப்ரலில் தென் கரோலினாவில் ஓர் இளைஞனுக்கு அப்படித்தான் துப்பாக்கி கிடைத்தது. அவன்மீது போதைப்பொருள் வழக்கு இருந்தது. ஆனால் கைது செய்தது எந்தக் காவல் துறை என்பது பதிவில் தப்பாக ஏறியிருந்தது. சரிபார்த்த அலுவலர் தப்பான இடத்தில் கேட்டார்; மூன்று நாள் ஓடிவிட்டது. சார்லஸ்டன் நகரத் தேவாலயம் ஒன்றில் வேதாகம வகுப்புக்கு வந்திருந்த ஒன்பது பேரை அவன் சுட்டுக் கொன்றான். தேதி ஜூன் 17. மணியாச்சியின் அதே தேதி என்பது வெறும் தற்செயல். ஆனாலும் படித்தபோது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

இரண்டு ஆண்டு கழித்து டெக்சாசில் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூர்த் தேவாலயம்; 26 பேர் பலி. சுட்டவன் முன்னாள் விமானப் படை வீரன். மனைவியையும் குழந்தையையும் அடித்ததற்காக இராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவன். விமானப் படை அந்தத் தண்டனையைத் தேசியத் தரவுக்கு அனுப்பவே இல்லை. அவன் கடைக்குப் போனபோதெல்லாம் கணினி ‘கொடுக்கலாம்’ என்றது. கணினி பொய் சொல்லவில்லை. அதன் பெட்டியில் யாரும் எதையும் போடவில்லை.

நம் நாட்டிலும் ஒரு பெட்டி செய்தோம். தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளம் என்று பெயர். என்.டி.ஏ.எல். என்றால்தான் அலுவலகங்களில் புரியும். 2012இல் விதியைத் திருத்தி, ஒவ்வொரு உரிமமும் இதில் ஏறி ஒரு தனி அடையாள எண் பெற வேண்டும் என்றார்கள். எண் இல்லாத உரிமம் 2015 அக்டோபர் 1 முதல் செல்லாது என்றார்கள். பிறகு கெடு நீண்டது, மறுபடி நீண்டது, 2019, 2020 என்று போயிற்று. கெடுவை நீட்டுவது நம் நிர்வாகத்தின் தேசிய விளையாட்டு, அதில் வியக்க ஒன்றுமில்லை. 2016 முடிவில் நாடு முழுவதும் 33.69 லட்சம் உரிமங்கள் இருந்ததாக உள்துறை அமைச்சகக் கணக்கு. உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். தமிழ்நாட்டில் 22 ஆயிரத்துச் சொச்சம். நாம் துப்பாக்கி குறைந்த மாநிலத்துக்காரர்கள் என்று பெருமைப்பட இடமுண்டு. திரைப்படத்தைப் பார்த்தால்தான் அப்படித் தோன்றாது.

அந்தப் பெட்டிக்குள் போனது என்ன? காஷ்மீரைப் பாருங்கள். 2017இல் ராஜஸ்தானின் பயங்கரவாத எதிர்ப்புப் படை சில உரிமங்களைத் துருவியபோது, அவை ஜம்மு காஷ்மீர் மாவட்ட அலுவலகங்களிலிருந்து ஊர் பேர் தெரியாதவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை என்று தெரிந்தது. வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. 2012 முதல் 2016 வரை 2.78 லட்சம் உரிமங்கள் முறைகேடாகத் தரப்பட்டன என்பது சி.பி.ஐ.யின் குற்றச்சாட்டு. அலுவலகம் கொடுத்த உரிமம், அதிகாரி போட்ட கையெழுத்து. இப்படிப்பட்ட காகிதத்தைக் கணினியில் ஏற்றிவிட்டால் அதற்கும் ஓர் எண் விழும். எண் விழுந்ததும் அது காகிதத்தைவிட நம்பகமாகத் தெரியும்.

இந்த இடத்தில் நம் கடற்கரையின் பழைய வழக்கம் ஒன்று நினைவுக்கு வருகிறது. சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, அறிவிப்பதற்கு முன், தோலாயிரம் பார் போன்ற முத்துப் பார்களில் மாதிரிக்குச் சிப்பி எடுப்பார்கள். எடுத்ததை எண்ணிவிட்டு அனுப்பிவிட மாட்டார்கள்; திறந்து, கழுவி, கிடைத்த முத்தைச் சலித்து, மதிப்புப் போட்டுப் பார்ப்பார்கள். மதிப்புத் தேறாவிட்டால் அந்த ஆண்டு சலாபம் இல்லை. 1961க்குப் பிறகு இங்கே சலாபமே நடக்கவில்லை, அது வேறு துக்கம். சிப்பிக்குக் காட்டிய அந்தப் பொறுமை துப்பாக்கி மனுவுக்குக் கிடைத்ததா என்றால், என் மேசை அனுபவத்தில் சில வேளை கிடைத்தது, பல வேளை கிடைக்கவில்லை.

இனி பெயர் விவகாரம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2009இல் ஒப்புதல் பெற்ற சி.சி.டி.என்.எஸ். திட்டத்தால் காவல் நிலையங்களின் முதல் தகவல் அறிக்கைகள் கணினியில் ஏறின. இப்போது ஒருவர் பெயரைத் தட்டினால் எந்த ஊர் வழக்கும் தெரிய வேண்டும். தெரிய வேண்டும் என்றுதான் சொல்கிறேன். இந்த ஊரில் ஒரு தெருவுக்குப் பத்து அந்தோணி இருப்பார்கள். போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து நம் பரதவ மக்கள் சுமந்துவரும் குடும்பப் பெயர்கள் மோத்தா, மச்சாடோ, கொரைரா, ரொட்ரிகோ, வாஸ். இவற்றோடு இன்னொரு பெயரை மட்டும் எடுத்துக்கொள்வோம். பெர்னாண்டோ, பர்னாந்து, பர்னாந்தீஸ், பெர்னாந்து. வல்லநாட்டிலிருந்து இந்த ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்தின் பெயரையே நாம் ஒரே மாதிரி எழுதுவதில்லை. சிலை வைத்துக் கும்பிடுகிறோம், எழுத்தில் மட்டும் ஒத்துப்போக மாட்டோம். பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, ஞானஸ்நானப் பதிவில் ஒன்று, முதல் தகவல் அறிக்கையில் ரைட்டர் காதில் விழுந்தபடி ஒன்று. போதாததற்குப் படிவம் முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம் போட்டுக் கேட்கும். தமிழருக்கு முன்னெழுத்தும் பெயரும்தான். பொன்ராஜின் அப்பா செல்வராஜ் என்றால், சிலர் செல்வராஜை முன் கட்டத்தில் போடுவார்கள், சிலர் பின் கட்டத்தில். தேடும்போது அப்பா கிடைப்பார், மகன் கிடைக்க மாட்டார்.

இதன் கேடு இரண்டு பக்கமும் வெட்டும். வழக்குள்ளவர் எழுத்துப் பிழையில் தப்பிவிடுவார். வழக்கில்லாதவர் பெயர்ப் பொருத்தத்தில் மாட்டிக்கொள்வார். முதல் தகவல் அறிக்கையில் பெயர் இருப்பது தண்டனை ஆகாது. ஆனால் சட்டத்தின் 14ஆம் பிரிவு ‘ஏதேனும் ஒரு காரணத்தால் தகுதியற்றவர்’ என்று சொல்ல அதிகாரிக்கு இடம் தருகிறது. அந்த இடத்தில் எதையும் வைக்கலாம். இந்த ஊர்க்காரர்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. 2018 மே மாதப் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு எத்தனை பெயர்கள் வழக்குகளில் ஏறின, அந்தப் பிள்ளைகள் படிக்கப் போகவும் வேலைக்குப் போகவும் தடையில்லாச் சான்று கேட்டு எப்படி அலைந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். 2021இல் அரசு பெரும்பாலான வழக்குகளைத் திரும்பப் பெற்றது. அந்த மே மாதத்தில் 13 பேரைக் கொன்ற துப்பாக்கிகள் நான் பேசிக்கொண்டிருக்கிற பதிவேடு எதிலும் வராதவை. பணியில் இருக்கும் அரசு ஊழியரின் ஆயுதத்துக்கு 45ஆம் பிரிவு விலக்குக் கொடுக்கிறது. இதைச் சொல்லாமல் தூத்துக்குடியில் துப்பாக்கியைப் பற்றிப் பேசினால் நீங்கள் என்னை மதிக்க மாட்டீர்கள்.

துறைமுகத்துக்கு வருகிறேன். 2013 அக்டோபர் 12. சீமேன் கார்ட் ஓஹயோ என்ற கப்பலைக் கடலோரக் காவல் படை மறித்து நம் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. சியரா லியோன் கொடி, அமெரிக்கக் கம்பெனி. உள்ளே 35 பேர். அதில் 25 பேர் கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கும் தனியார் காவலர்கள். எஸ்டோனியர், பிரிட்டிஷார், உக்ரைனியர், இந்தியர் என்று கலவையான கூட்டம். 35 துப்பாக்கிகள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்கள். உள்ளூர்ப் படகிலிருந்து டீசல் வாங்கியதும் வழக்கில் சேர்ந்தது. தருவைகுளம் கடலோரக் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கேரளக் கடலில் இத்தாலியக் கப்பல் வீரர்கள் நம் மீனவர் இருவரைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். அதில் ஒருவர் குமரி மாவட்டத்து இளைஞர். கப்பலில் துப்பாக்கி என்றால் கரையே பதறிய நேரம்.

எங்களிடம் காகிதம் இருக்கிறது என்றார்கள் கப்பல்காரர்கள். இருந்தது, வேறு நாடுகளின் காகிதம். இந்திய உரிமம் எங்கே என்றது அரசுத் தரப்பு. தருவைகுளத்து ஏட்டையா ஒரு துப்பாக்கியின் எண்ணைத் தட்டிப் பார்த்து, இது எந்த நாட்டில் யார் பெயரில் பதிவானது என்று தெரிந்துகொள்ள அவர் கைக்கெட்டும் தூரத்தில் எந்தப் பட்டியலும் இல்லை. கடலில் துப்பாக்கி நாடு விட்டு நாடு போகிறது, பதிவேடு கரை தாண்டுவதில்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2014 ஜூலையில் வழக்கை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2015 ஜூலையில் அந்த ரத்தை ரத்து செய்தது. 2016 ஜனவரி 11 அன்று தூத்துக்குடி நீதிமன்றம் 35 பேருக்கும் ஐந்து ஆண்டு கடுங்காவல் விதித்தது. 2017 நவம்பர் 27 அன்று மதுரைக் கிளை எல்லோரையும் விடுதலை செய்தது. அந்த நான்கு ஆண்டுகளும் யாருடைய கணக்கில் சேரும் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

கடைசியாக என் மேசைக் கதை ஒன்று. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள்.

பழைய பதிவேட்டிலிருந்து உரிமங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்த காலம். கட்டுக் கட்டாகப் புத்தகங்கள், கரையான் தின்ற ஓரங்கள். ‘இன்றே முடிக்கவும்’ என்று மேலிருந்து உத்தரவு. நானும் இன்னொருவரும் வாசிக்க, ஓர் இளைஞர் தட்டினார். ஒரு பெயர், ஒற்றைக் குழல், பயிர்ப் பாதுகாப்பு, ஆற்றங்கரைக் கிராமம். புதுப்பித்த கடைசித் தேதி மங்கியிருந்தது. ‘உள்ளது’ என்று ஏற்றினோம். எண் விழுந்தது. சில மாதம் கழித்துத் தேர்தல் வந்தது; உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க உத்தரவு. அந்த ஒன்று மட்டும் வரவில்லை. அறிக்கை கேட்டேன். ‘மனுதாரர் மீது வழக்கு ஏதும் நிலுவையில் இல்லை’ என்று வந்தது. சந்தேகம் தீராமல் நானே போனேன்.

வழக்கு எப்படி நிலுவையில் இருக்கும், மனுஷர் இறந்து பதினோரு ஆண்டாகியிருந்தது. ரேஷன் அட்டையில் பெயர் நீக்கியாயிற்று, பட்டா மாறியாயிற்று. துப்பாக்கிக் கணக்கில் மட்டும், எங்கள் கையாலேயே, உயிரோடு இருந்தார். மகன் திருப்பூரில் இருந்தான். அடிதடி வழக்கொன்றில் ஜாமீனில் வெளியே வந்தவன், பண்டிகைக்கு ஊருக்கு வந்து போகிறவன். அதையும் டீக்கடையில்தான் தெரிந்துகொண்டேன்.

இறந்தவரின் மனைவி என்னைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார். நெல் குதிருக்குப் பின்னாலிருந்து பழைய வேட்டியில் சுற்றிய துப்பாக்கியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். குழலில் துரு இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து வைப்பாராம். கணவர் சொல்லிவிட்டுப் போன வேலை.

"இத யாருகிட்ட குடுக்கணும்னு யாரும் சொல்லல சார். கேட்டும் வரல."

ரசீது எழுதினேன். உரிமப் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டேன். அவர் கைநாட்டு வைத்துவிட்டு, விரல் மையைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி, புத்தகத்தில் இருந்த கணவரின் சின்னப் படத்தைக் காட்டிக் கேட்டார்:

"இனிமே அவுக பேர அடிச்சிருவியளா?"